டிபன் பாக்ஸ் திறக்க தெரியாத நாலு வயசு மகன்: தக்கலை அம்மாவுக்கு பதில்

கேள்வி: மேடம், நாங்க தக்கலை பக்கம். மகனுக்கு நாலு வயசு ஆகுது, எல்கேஜி போறான். அவங்க அப்பா சவூதில இருக்காங்க, வீட்ல நானும் அத்தையும் மகனும்தான். நான் ஒரு லேப்ல வேலை பாக்கேன், காலைல 7.50-க்கு ஸ்கூல் வேன் வரும், அவனை ஏத்தி விட்டுட்டு நான் பஸ் பிடிக்கணும். போன வாரம் மிஸ் கூப்பிட்டு, உங்க பையனுக்கு டிபன் பாக்ஸ் கூட திறக்க தெரியல, பாத்ரூம் போனா நிக்கர் போட ஆயாவை கூப்பிடுறான், மத்த பிள்ளைங்க எல்லாம் தானா செய்யுதுன்னு சொன்னாங்க, எனக்கு அழுகையே வந்துட்டு. வீட்ல அத்தைதான் ஊட்டுவாங்க, முற்றத்துல பின்னாலேயே ஓடி, இல்லாட்டி மொபைல்ல கார்ட்டூன் போட்டு. ஒரு டம்ளரை எடுத்து வைன்னு சொன்னா கூட ஆம்பள பிள்ளைய என்னத்துக்கு வேலை வாங்குறன்னு சத்தம் போடுவாங்க, அவங்க அப்பாவும் போன்ல அதையே சொல்றாங்க. எங்க இருந்து ஆரம்பிக்கணும்? கத்தி, கண்ணாடி எல்லாம் பிள்ளைங்க கையில குடுக்கலாமா? கிணறு வேற இருக்கு, மாமா வச்ச ரப்பர் மரம் கொஞ்சம் நிக்கி, வீட்லதான் ரப்பர் ஷீட் அடிக்கிறோம், எனக்கு எல்லாத்துக்கும் பயம். இவனுக்கு ஏதும் குறை இருக்குமோ, டாக்டர்ட்ட காட்டணுமா?

பதில்:

தங்கச்சி, மிஸ் சொன்னதை நீங்க உங்க மேல வச்ச குத்தமா எடுத்துக்கிட்டு அழுதிருக்கீங்க, அதை முதல்ல விடுங்க. எனக்கு உங்க கடிதத்துல கண்ணுல பட்டது வேற, மத்தியானம் பசிக்குற நேரத்துல அந்த பிள்ளை முன்னால சோறு இருக்கு, மூடி திறக்க மாட்டேங்குது, கேக்கவும் கூச்சம். அதனால எங்க இருந்து ஆரம்பிக்கணும்னு கேட்டதுக்கு என் பதில் அந்த பாக்ஸ்ல இருந்துதான். மத்ததெல்லாம் ஒரு மாசம் கழிச்சு வந்தாலும் ஒண்ணும் ஆகாது, இது இந்த வாரமே.

அது எந்த மாதிரி பாக்ஸ்னு நீங்க எழுதல. வட்ட எவர்சில்வர் பாக்ஸ்னா ஒண்ணு செஞ்சு பாருங்க. காலைல ஏழு மணிக்கு ஆவி பறக்குற சோத்தை அதுல போட்டு அழுத்தி மூடுங்க, மத்தியானம் பன்னண்டரைக்கு நீங்களே மூணு விரலை மட்டும் வச்சு திறந்து பாருங்க. உள்ள இருக்க ஆவி ஆறி தண்ணியா மாறும்போது உள்ள காத்தோட அழுத்தம் குறைஞ்சு போகும், வெளிய இருக்க காத்து மூடியை உள்ள தள்ளி பிடிச்சுக்கும், பெரியவங்களுக்கே சில நேரம் மேசை ஓரத்துல தட்டித்தான் திறக்க வரும். நாலு பக்கமும் லாக் உள்ள பிளாஸ்டிக் பாக்ஸ்னா அதுக்கு கட்டைவிரல்ல நல்ல பலம் வேணும், அந்த பலம் இந்த வயசுல நிறைய பிள்ளைங்களுக்கு இருக்காது. அப்ப திறக்க தெரியலங்கிறது அவன் குறையா, பாக்ஸோட குறையான்னு நமக்கே இன்னும் தெரியாது பாருங்க.

செய்ய வேண்டியது இதான். சாப்பாட்டை கொஞ்சம் ஆற விட்டு மூடுங்க, காலைல நேரம் இல்லாட்டி முதல்ல சோத்தை தட்டுல பரத்தி வச்சுட்டு குளிக்க போங்க, வரும்போது ஆறியிருக்கும். புது பாக்ஸ் வாங்குறதா இருந்தா அவனையும் கடைக்கு கூட்டிட்டு போயி அவன் கையிலேயே குடுத்து திறந்து மூட சொல்லி, எது அவனுக்கு வருதோ அதை வாங்குங்க, படம் போட்டது பாத்து வாங்காதீங்க. அப்புறம் ஸ்கூல் இல்லாத ஒரு சனிக்கிழமை, அவன் வயிறு நிறைஞ்சு நல்லா இருக்க நேரமா பாத்து, காலி பாக்ஸை தரையில வச்சு பக்கத்துல உக்காருங்க. அவன் வலது கைக்காரன்னா அவனோட வலது பக்கமா உக்காந்தா உங்க கை அவன் பாக்குறதை மறைக்காது. இடது உள்ளங்கையால பாக்ஸை அமுக்கி பிடிங்க, ஒரு நொடி அப்படியே நிறுத்துங்க, அவன் அந்த கையை பாக்கட்டும். பிள்ளைங்களுக்கு வராம போறது பெரும்பாலும் இந்த இடத்துலதான், ரெண்டு கையாலயும் மூடியையே பிடிச்சு இழுக்கும், பாக்ஸ் கூடவே தூக்கிட்டு வரும், கடைசில சாம்பார் மடியில. ஒரு கை பிடிக்கணும் மத்த கை இழுக்கணும்ங்கிறதுதான் பாடம். பின்ன வலது கை விரலை மூடியோட வெளிய நீட்டிக்கிட்டு இருக்க ஓரத்துல வச்சு பைய மேல தூக்குங்க, எடுத்த மூடியை மல்லாக்க பக்கத்துல வைங்க. இதெல்லாம் வாய் பேசாம. பேசிக்கிட்டே காட்டினா பிள்ளை நம்ம மூஞ்சியத்தான் பாக்கும், கையை பாக்காது. அப்புறம் அவன்ட்ட தள்ளி வச்சுட்டு உங்க ரெண்டு கையையும் மடியில கட்டிக்கிட்டு இருங்க.

அந்த கடைசி வேலைதான் நமக்கு கஷ்டம். பிள்ளை திணறும்போது நம்ம கை தானா போகும், அவன் மூஞ்சி சிவக்குறது பாத்தா மனசு கேக்காது. பொறுத்துக்கோங்க. அவனா நிமிந்து உங்களை பாத்தா, இல்ல கேட்டா மட்டும் எந்த இடத்துல நிக்குதோ அந்த இடத்தை மட்டும் லேசா தொட்டு விடுங்க, மொத்தமா திறந்து குடுத்துடாதீங்க.

இந்த முறை ஒண்ணும் நான் கண்டுபிடிச்சது இல்ல. மரியா மாண்டிசோரின்னு இத்தாலி டாக்டர் அம்மா ஒருத்தங்க, 1907-ல ரோம் நகரத்துல சான் லோரென்ஸோன்னு ஏழைங்க குடியிருந்த ஒரு பகுதியில கூலி வேலைக்கு போறவங்க பிள்ளைங்களுக்காக ஒரு இடம் தொடங்கினாங்க, அங்க வச்சு பிள்ளைங்களை பாத்து பாத்து படிச்சதுதான் இது. 1939-ல நம்ம மெட்ராஸ் அடையாறுக்கே வந்து டீச்சர்மாருக்கு பயிற்சி குடுத்தாங்க, யுத்த காலத்துல கொஞ்ச நாள் கொடைக்கானல்ல இருந்தாங்க. அவங்க சொன்ன ஒரு சம்பவம் எனக்கு ரொம்ப பிடிக்கும். ஒரு நாள் பிள்ளைங்களுக்கு மூக்கு சிந்துறது எப்படின்னு பாடம் எடுத்தாங்களாம், கைக்குட்டையை எப்படி பிடிக்கணும், சத்தம் கேக்காம அடுத்தவங்க கண்ணுல படாம எப்படி சிந்தணும்னு பைய செஞ்சு காட்டியிருக்காங்க. முடிஞ்ச உடனே பிள்ளைங்க எல்லாம் கை தட்டியிருக்கு. மூக்க துடை மூக்க துடைன்னு நாள் முழுக்க திட்டு வாங்குற பிள்ளைங்கதானே அதெல்லாம், அதுவரைக்கும் ஒருத்தரும் எப்படின்னு காட்டி குடுத்தது கிடையாது. நம்ம வீட்லயும் யோசிச்சு பாருங்க, சட்டை போடு, கை கழுவு, செருப்பை மாத்தி போட்டுருக்கன்னு சொல்றோமே தவிர பக்கத்துல உக்காந்து ஒரு தடவை பொறுமையா காட்டினோமான்னு.

அடுத்தது நிக்கர், சட்டை. ஹூக்கும் ஜிப்பும் உள்ள யூனிபார்ம் நிக்கர்னா தையல்கார அக்காட்ட குடுத்து இடுப்புல எலாஸ்டிக் வச்சு மாத்துங்க, ஸ்கூல்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, சொன்னா காரணத்தை சொல்லுங்க. வீட்டு படியில உக்கார வச்சு ரெண்டு காலையும் விட சொல்லுங்க, அப்புறம் எந்திரிச்சு இழுக்கணும். பாத்ரூம்ல ஆயாவை ஏன் கூப்பிடுறான்னா எனக்கு தோணுறது, பிள்ளைங்க ரெண்டு கையாலயும் முன்பக்கத்தை மட்டும் பிடிச்சு இழுக்கும், பின்பக்கம் பாதியில மாட்டிக்கிடும், அதுவும் கையும் உடம்பும் ஈரமா இருந்தா சுத்தமா ஏறாது. ஒரு கை முன்னால, ஒரு கை முதுகு பக்கம், கட்டைவிரல் எலாஸ்டிக்குக்கு உள்ள, அப்புறம் இழு. இதை மட்டும் ரெண்டு நாள் வீட்ல செஞ்சு பாத்தா வந்துடும். ஆனா வெளிக்கு போனா கழுவுறதுக்கு இந்த வயசுல பெரியவங்க துணை வேணும், அதை அவன் தனியா சுத்தமா செய்ய இன்னும் நாளாகும், அதுக்கு ஸ்கூல்ல ஆயா வர்றதுல தப்பே இல்ல, மிஸ்ட்ட தைரியமா சொல்லலாம்.

சட்டைக்கு ஒரு வழி சொல்றேன், பிள்ளைங்களுக்கு ரொம்ப பிடிக்கும். பட்டன் எல்லாம் கழட்டின சட்டையை பாயில விரிச்சு போடுங்க, உள்பக்கம் மேல தெரியணும், காலர் அவன் கால் பக்கம் இருக்கணும். அவன் காலர் பக்கம் நின்னு குனிஞ்சு ரெண்டு கையையும் ரெண்டு கைப்பகுதிக்குள்ள விட்டு அப்படியே தலைக்கு மேல தூக்கினா சட்டை முதுகுல வந்து விழுந்துடும். ஜூன்ல ஸ்கூல் திறக்கும்போதே நமக்கு மழையும் வந்துடும், அப்புறம் ஐப்பசி கார்த்திகைல மறுபடியும் மழை, நம்ம மாவட்டத்துல பிள்ளைங்க வருஷத்துல பாதி ரெயின்கோட்டும் கையுமாத்தானே திரியும், முன்பக்கம் திறக்குற ரெயின்கோட்டுக்கும் இதே வழிதான்.

பட்டன் கஷ்டம், அவசரப்படாதீங்க. நாம எப்பவும் கழுத்து பட்டன்ல இருந்துதான் தொடங்குறோம், அதாவது அவன் கண்ணுக்கே தெரியாத இடத்துல இருந்து. வயித்து பக்கம் இருக்க பட்டனை எடுங்க. ஓட்டைக்குள்ள பாதி தள்ளி விடுறது நீங்க, மீதியை பிடிச்சு இழுக்குறது அவன். முடிச்சது அவன்தான்னு அவனுக்கு ஒரு நிறைவு இருக்கும். அது நல்லா வந்த பிறகு தள்ளுறதையும் குடுங்க.

ஒண்ணு மறந்துடாதீங்க, இந்த பழக்கம் எதையும் காலைல ஏழேகாலுக்கு வச்சு பண்ணாதீங்க. வேன் ஹார்ன் அடிக்கும்போது பட்டன் படிக்க முடியாது, நீங்களும் கத்துவீங்க, அவனும் அழுவான், அப்புறம் பட்டனை பாத்தாலே அவனுக்கு வெறுப்பு வரும். சாயந்தரம் குளிச்சு சட்டை மாத்தும்போது பழகட்டும், அங்க நல்லா வந்த ஒரே ஒரு வேலை மட்டும் காலைக்கு வரட்டும், மத்தது நீங்களே போட்டு விடுங்க, அதுல ஒரு குற்ற உணர்ச்சியும் வேண்டாம். ராத்திரியே யூனிபார்ம், சாக்ஸ், பேக் எல்லாம் அவன் கைக்கு எட்டுற உயரத்துல ஒரே இடத்துல எடுத்து வைக்கறதை அவன் வேலையா ஆக்குங்க, சுவத்துல அவன் நெஞ்சு உயரத்துக்கு ரெண்டு ஆணி அடிச்சு குடுத்தா போதும். வீட்ல எல்லாமே நம்ம உயரத்துலதான் இருக்கு, துவாலை கொடி, டம்ளர் அடுக்குற தட்டு, சோப்பு, லைட் சுவிட்ச் எல்லாமே. அவன் ஒவ்வொண்ணுக்கும் நம்மள கூப்பிடாம என்ன செய்வான்?

இப்ப சாப்பாடு. தங்கச்சி, உங்க அத்தை மேல எனக்கு ஒரு கோவமும் வரல. மகன் வெளிநாட்டுல, மருமக வேலைக்கு போயிட்டா, அந்த அம்மாவுக்கு இருக்க ஒரே துணை இந்த பேரன், அவன் வாயில ஒரு உருண்டை போறதை பாக்குறதுதான் அவங்க சந்தோஷம். அதை ஒரே நாள்ல பிடுங்காதீங்க, பிடுங்கினா சண்டைதான் மிஞ்சும். நான் சொல்றது இப்படி செஞ்சு பாருங்க: முதல் அஞ்சு வாய் அவன் கையால, மீதி பாட்டி கையால. பட்டனுக்கு கடைசி பாகத்தை அவன்கிட்ட குடுக்க சொன்னேன், சோத்துக்கு முதல் பாகத்தை, ஏன்னா பசி இருக்கறது ஆரம்பத்துலதான், பசிதான் கையை தட்டுக்கு கொண்டு போகும். அஞ்சு பைய பைய பத்தாகும். இடைல கார்ட்டூன் கிடையாது, ஓட்டம் கிடையாது, உக்காந்த இடத்துல சாப்பாடு, எந்திரிச்சா தட்டு அங்கேயே இருக்கும், பின்னால போகாது. முதல் நாலஞ்சு நாள் குறைச்சுத்தான் சாப்பிடுவான், அத்தை உங்களை பாத்து பிள்ளை காஞ்சு போச்சேன்னு சொல்வாங்க, நல்லா ஓடி விளையாடுற பிள்ளை ஒரு நேரம் குறைச்சு சாப்பிட்டா அடுத்த நேரம் பசிச்சு சாப்பிடும்னு பைய சொல்லுங்க.

எடுத்த உடனே சோறும் மீன் கறியும் பிசைஞ்சு சாப்பிட சொல்லாதீங்க, குழைஞ்ச சோத்தை விரல்ல அள்ளி வாய்க்கு கொண்டு போறது பெரிய வித்தை, நமக்கு பழகிட்டதால தெரியல. இட்லி, ஆப்பம், அவிச்ச மரச்சீனி கிழங்கு துண்டு, அவிச்ச ஏத்தன்பழம் இதெல்லாம் விரல்ல நிக்கும், அதுல இருந்து வாங்க. மீன்ல முள்ளை நீங்க எடுத்து குடுங்க, சாளை மாதிரி முள்ளு மீனை இன்னும் கொஞ்ச வருஷத்துக்கு பெரியவங்கதான் கிள்ளி குடுக்கணும். தட்டுல கொஞ்சமா வைங்க, வேணும்னா கேக்கட்டும், கேட்டு வாங்கி சாப்பிடுற பிள்ளைக்கு அதுவே ஒரு பெருமை. கீழ ஒரு பழைய பாயோ பேப்பரோ விரிச்சுடுங்க, சிந்தும், நிச்சயமா சிந்தும். சாப்பிட்டு முடிச்ச உடனே சிந்தினதை பொறுக்கி தட்டுல போட்டு, தட்டை கொண்டு போயி கழுவுற இடத்துல வைக்குறது அவன். அவன் பொறுக்கினதுல நாலு பருக்கை கிடந்தா அவன் அந்தப்பக்கம் போன பிறகு எடுங்க. அவன் கண் முன்னாலயே நீங்க திரும்ப துடைச்சா, நீ செஞ்சது ஆகாதுன்னு சொன்ன மாதிரிதான்.

அத்தையை எதிர்க்கட்சி ஆக்காதீங்க, வாத்தியாரா ஆக்குங்க. முருங்கை இலை உருவுறது, பச்சை பயறு தோடு உரிக்குறது, உள்ளி தோலை எடுக்குறது, சொளவுல அரிசியை பரத்தி கல்லு பாக்குறது இதுல எல்லாம் அவங்க கை போற வேகமும் அழகும் உங்களுக்கும் எனக்கும் வராது. அத்தை, இவனுக்கு இலை உருவ காட்டி குடுங்க, நீங்க சொன்னாதான் கேப்பான்னு சொல்லி பாருங்க. பேரன் மடியில சாஞ்சு உக்காந்து ஒவ்வொரு இலையா கிள்ளும்போது அவங்களுக்கு ஊட்டுற சந்தோஷம் போயி அந்த இடத்துல வேற ஒரு சந்தோஷம் வந்துடும். அவனுக்கோ பென்சில் பிடிக்க வேண்டிய அதே மூணு விரலுக்கு அங்க வேலை நடக்குது. எல்கேஜி பிள்ளைக்கு ரெண்டு பக்கம் எழுத்து எழுத வைக்குறதை விட ஒரு கட்டு முருங்கை இலை உருவ விடுறது எவ்வளவோ மேல்னு நான் எந்த மிஸ்ட்ட வேணாலும் சொல்வேன்.

ஆம்பள பிள்ளைக்கு என்னத்துக்குங்கிற பேச்சுக்கு பதிலை உங்க வீட்டுக்காரர்ட்டயே கேட்டு வாங்குங்க. அவர் அங்க ரூம்ல மத்தவங்க கூட சேந்துதான் இருப்பாரு, அங்க சமையலுக்கு முறை வச்சிருப்பாங்க, இன்னைக்கு இவர் சோறு வச்சா நாளைக்கு அடுத்தவர், துணி துவைக்குறது, பாத்ரூம் கழுவுறது எல்லாம் அவங்கவங்கதான். நம்ம மாவட்டத்துல இருந்து கல்ஃப் போன ஆம்பளைங்கள்ல எத்தனையோ பேர் முதல் மாசம் ஒரு டீ போட தெரியாம, ஒரு சட்டை துவைக்க தெரியாம நின்னவங்க, அங்க போயிதான் எல்லாம் படிச்சாங்க, அந்த கஷ்டம் அவருக்கு தெரியாம இருக்காது. வெள்ளிக்கிழமை அவருக்கு லீவுன்னா வீடியோ கால்ல உள்ளி நறுக்குறதையும் சோறு வடிக்குறதையும் மகனுக்கு காட்ட சொல்லுங்க. அப்பா தட்டு கழுவுறதை பாத்த பிள்ளைக்கு நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். அத்தையும் பக்கத்துல இருந்து பாக்கட்டும், அவங்க மகன் அங்க என்னெல்லாம் செய்றான்னு பாத்தா பேரன் ஒரு டம்ளர் எடுத்து வைக்குறதுக்கு சத்தம் போட அவங்களுக்கே மனசு வராது.

வேலை வாங்குறதுன்னு அவங்க சொல்றதுல ஒரு நியாயமும் இருக்கு, அதையும் சொல்லிடுறேன். தண்டனையா வேலை குடுக்காதீங்க, சேட்டை பண்ணின அதனால தூத்து வாருன்னு சொல்லவே கூடாது. செஞ்சதுக்கு சாக்லேட்டும் வேண்டாம், ஒவ்வொண்ணுக்கும் சூப்பர் சூப்பர்னு கை தட்டவும் வேண்டாம். நீ தண்ணி கொண்டு வந்து வச்சதால பாட்டி எந்திரிக்காம மாத்திரை போட்டுட்டாங்கன்னு நடந்ததை அப்படியே சொல்லுங்க, அது போதும். இவன் இன்னைக்கு முடியாது நீயே போட்டு விடுன்னு கொஞ்சினா போட்டு விடுங்க, காய்ச்சலோ தூக்கமோ அப்பா ஞாபகமோ ஏதோ ஒண்ணு இருக்கும், பெரியவங்களுக்கும் அந்த மாதிரி நாள் வர்றதுதானே.

கத்தி கண்ணாடி பத்தி கேட்டீங்க. கத்திக்கு முன்னால மட்டி வாழைப்பழம். பிள்ளை கைக்குன்னே செஞ்ச மாதிரி சின்னதா இருக்கும், தோலும் மெலிசு, காம்பு பக்கம் நீங்க லேசா கீறி விட்டா மீதியை அவனே உரிப்பான். அடுத்து உரிச்ச பழத்தை பலகையில வச்சு ரொட்டிக்கு ஜாம் தடவுற மொட்டை கத்தியால துண்டு போடுறது, பழத்தை பிடிக்குற கை விரலை மடக்கி வைக்கணும்னு காட்டுங்க. அது சுத்தமா வந்த பிறகு அவிச்ச உருளைக்கிழங்கு. அருவாமனையும் கூர்மையான கத்தியும் இப்ப வேண்டாம், அது எட்டாத இடத்துல இருக்கட்டும். கண்ணாடி டம்ளர் நம்ம வீடுகள்ல பெரும்பாலும் அலமாரியிலதான் இருக்கு, எவர்சில்வரே போதும். மாண்டிசோரி வகுப்புல உடையுற சாமானையே குடுப்பாங்க, உடையும்னு தெரிஞ்சாதான் பிள்ளை பைய எடுத்து வைக்கும்னு, ஆனா அங்க பக்கத்துலயே டீச்சர் இருப்பாங்க, சிமெண்ட் தரை உள்ள வீட்ல வயசான பாட்டி வெறுங்காலோட நடக்குற இடத்துல நான் அதை சொல்ல மாட்டேன்.

தண்ணி ஊத்துறதை முதல்ல அரிசியிலயோ பயறுலயோ பழக்குங்க, ரெண்டு சின்ன கிண்ணம், ஒண்ணுல இருந்து ஒண்ணுக்கு. அப்புறம் ஒரு சின்ன செம்புல பாதி தண்ணி. பக்கத்துல ஒரு துணியும் இருக்கணும், சிந்தினா அவனே துடைக்குறதும் அந்த பாடத்துல சேந்ததுதான்.

ஆனா இங்க வச்சுதான் உங்க பயத்தை நான் பாதி ஏத்துக்குறேன், ரொம்ப கவனமா வாசிங்க. தானா ஊத்தி குடிக்க படிச்ச பிள்ளை எந்த பாட்டிலையும் எடுத்து ஊத்தும். வீட்ல ஷீட் அடிக்கிறோம்னு சொல்றீங்க, ரப்பர் பாலை உறைய வைக்குற அந்த ஆசிட் பாக்க பச்சை தண்ணி மாதிரிதான் இருக்கும், பலரும் அதை பழைய தண்ணி பாட்டில்லயோ ஜூஸ் பாட்டில்லயோதான் ஊத்தி வைக்கிறாங்க. ஒரு வாய் போதும், வாயும் தொண்டையும் உணவு குழாயும் வெந்து போகும். அவனுக்கு ஊத்த சொல்லி குடுக்குறதுக்கு முன்னால அதை வாங்கின கேன்லயே வச்சு, வீட்டுக்கு வெளிய, பூட்டுற இடத்துக்கு மாத்துங்க. மண்ணெண்ணெய், பினாயில், பாத்ரூம் ஆசிட் எல்லாத்துக்கும் இதே சட்டம்தான். கைதவறி குடிச்சுட்டா வாந்தி எடுக்க வைக்க கூடாது, அந்த பாட்டிலையும் கையில எடுத்துட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடணும், 108-க்கு கூப்பிடணும்.

கிணத்துக்கு இரும்பு வலை மூடி போட்டு பூட்டிடுங்க, அது இல்லாம முற்றத்துல எந்த வேலையும் தனியா வேண்டாம். குளியலறையில பக்கெட்டை நிறைச்சு வைக்காதீங்க, குட்டி பிள்ளைங்க தலைகுப்புற விழுந்தா கொஞ்ச தண்ணியே போதும், சத்தம் கூட கேக்காது, இவன் நாலு வயசு ஆனாலும் பக்கத்து வீட்டு பிள்ளைங்களும் வரும்ல. அப்புறம் உரிக்குற ஆசையில ரம்புட்டானை அவன் கையில தனியா விடாதீங்க, அந்த கொட்டை வழுக்கிட்டு போயி தொண்டையில அடைச்சுக்கும், நீங்களே கொட்டையை எடுத்துட்டு குடுங்க. முழு கடலை, முழு திராட்சையும் அப்படித்தான், அஞ்சு வயசு தாண்டட்டும். பச்சை மரச்சீனியை கடிக்க விட கூடாது, அதுல விஷம் இருக்குன்னு அத்தைக்கு தெரியும், அவனுக்கு தெரியாது.

இவ்வளவு ஆபத்துன்னா ஒண்ணுமே குடுக்க வேண்டாமேன்னு தோணும். எட்டுற இடத்துல இருக்கறதெல்லாம் அவன் தொடலாம், தொட கூடாதது எதுவும் எட்டுற இடத்துல இருக்காது, இப்படி வீட்டை மாத்திட்டா நீங்க நாள் முழுக்க தொடாத தொடாதன்னு சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது. ஒரு ஞாயித்துக்கிழமை அரைநாள் வேலைதான் அது.

கடைசியா டாக்டர். நீங்க எழுதியிருக்கறதை வச்சு பாத்தா இவனுக்கு எல்லாம் மத்தவங்க செஞ்சு குடுத்ததால வராம இருக்க மாதிரிதான் தெரியுது. ஒரு மாசம் இப்படி செஞ்சு பாத்தாலே தெரிஞ்சுடும், பழக்கினா வருதுன்னா பிரச்சினை இல்ல. ஆனா சிலதை மட்டும் இப்பவே பாத்துக்கோங்க: ஒரு கையை மட்டும்தான் எப்பவும் பயன்படுத்துறானா, மத்த கை சும்மா தொங்குதா, சமதளத்துல நடக்கும்போதே அடிக்கடி விழுறானா, வெளி ஆளுங்களுக்கு அவன் பேச்சு புரியாம இருக்கா, பேர் சொல்லி கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறானா, கட்டியான சாப்பாடு வாயில வச்சாலே குமட்டுறானா, முன்னால செஞ்சுக்கிட்டு இருந்த ஒண்ணு இப்ப விட்டு போச்சா. இதுல ஒண்ணு இருந்தா கூட ஒரு மாசம் காத்திருக்க வேண்டாம், குழந்தைகள் டாக்டர்ட்ட காட்டுங்க, தனியா செலவு பண்ண முடியலன்னா ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ்ல குழந்தைகள் பிரிவுக்கு காலைல போங்க. கைவிரல் வேலையில மட்டும் சிரமம்னா அதுக்குன்னு பயிற்சி குடுக்குற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இருக்காங்க, டாக்டரே அனுப்புவாங்க. போகும்போது பையனுக்கு ஒண்ணும் தெரியலன்னு பொதுவா சொல்லாம, எந்த வேலையில எந்த இடத்துல நிக்கிறான்னு சொல்லுங்க, முடிஞ்சா அவன் சாப்பிடுறதையும் படி இறங்குறதையும் போன்ல ஒரு நிமிஷம் வீடியோ எடுத்துட்டு போங்க, ஆஸ்பத்திரியில பிள்ளைங்க பயந்து ஒண்ணும் செஞ்சு காட்டாது, அந்த வீடியோ டாக்டருக்கு ரொம்ப உதவியா இருக்கும். கூட அத்தையையும் கூட்டிட்டு போங்க, பகல் முழுக்க அவனை பாக்குறது அவங்கதான், டாக்டர் கேக்குற பாதி கேள்விக்கு பதில் அவங்கட்டதான் இருக்கும்.